எட்டு பெஞ்சுகளும் ஒரு மரியாதைக் கடிதமும்

எங்கள் பம்ப் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் இப்போது வேலை செய்யும் பிள்ளைகள் இரண்டு பேர் போன மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். டெஸ்ட் பேயில் இன்றைக்கும் லினக்ஸ்தான் ஓடுகிறதாம். அதை முதன்முதலில் ஏற்றியது நான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்போது நெட்டே கிடையாதே, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் நான் கல்லை உரசி நெருப்பு மூட்டிய காலத்து ஆள் போலிருந்தது. சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் அவர்களுக்குப் பஸ் நேரமாகிவிட்டது. மீதியையும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். அப்பாவும் அம்மாவும் ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் கூலி வேலை செய்தவர்கள். நான் டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு, பெரியநாயக்கன்பாளையத்தில் இந்தத் தொழிற்சாலையின் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். நாளெல்லாம் லாரி நம்பரும் பெட்டி நம்பரும் அடிக்கிற வேலை. கணினிப் பிரிவு தொடங்கியபோது வேகமாக டைப் அடிக்கிற ஆள் வேண்டும் என்று என்னை அங்கே இழுத்துக்கொண்டார்கள். மாலை வகுப்பு, இரவல் புத்தகம், கண்ணெரிச்சல் என்று சில வருடம் போனது. ஒருநாள் பார்த்தால் நானே புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். படித்த கதையை இதற்கு மேல் நீட்டினால் எனக்கே கொட்டாவி வரும்.

எங்கள் மேனேஜர் நாச்சிமுத்து சாரைப் பற்றித்தான் நீட்டிச் சொல்ல வேண்டும். தோட்டம் துரவு என்று வசதியான குடும்பம். மனிதர் வாயிலிருந்து ‘ங்க’ போடாமல் ஒரு வார்த்தை வராது. கம்ப்யூட்டர் மக்கர் செய்தால்கூட அதன் முன்னால் குனிந்து ‘என்னங்க ஆச்சு’ என்று கேட்பார். தோப்புச் சொந்தக்காரர்களின், பள்ளிக்கூடம் போகிற பையன்கள்கூட என் அப்பாவை ஒருமையில் கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்தவள் நான். முதல் நாள் இவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, “வாங்க அம்மணி, உக்காருங்க” என்றபோது, எனக்குப் பின்னால் வேறு யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

அவரிடம் இரண்டு பழக்கங்கள். ஒன்று, கோளாறு எதுவானாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொட வேண்டும். வயரை மாற்றினால் புரோகிராமைத் தொடக் கூடாது. புரோகிராமைத் தொட்டால் வயர் பக்கமே போகக் கூடாது. இரண்டையும் சேர்த்து மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது என்பார். இன்னொன்று, ‘தப்பு’ என்ற சொல்லை அவர் யாரிடமும் சொல்லிக் கேட்டதில்லை. என் புரோகிராம் படுகுழியில் கிடந்தாலும், “இன்னொருக்கா பாத்துப்போட்டா தேவலைங்களே” என்பார், அவ்வளவுதான். அதைக் கேட்டதும் முதல் வரியிலிருந்து மறுபடி பார்க்க உட்கார்ந்துவிடுவேன்.

இனி டெஸ்ட் பே. தயாரான ஒவ்வொரு பம்பையும் ஒரு பெஞ்சில் ஏற்றித் தண்ணீர் ஓடவிட்டு, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது, எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்று பார்க்கிற இடம் அது. மொத்தம் எட்டு பெஞ்சு. எட்டின் மீட்டர்களிலிருந்தும் வயர் வந்து கணினிக்குள் இருக்கும் ஒரே கார்டில் சேரும். கணினி அளவுகளை வாங்கிச் சான்றிதழாக அச்சடிக்கும். கணினியை இயக்கும் யூனிக்ஸ் என்ற பழைய மென்பொருள் ஒன்று பல வருடம் இதைச் செய்துகொண்டிருந்தது. ஒரு மழைக்காலத்தில் அந்தக் கணினி உயிரை விட்டது. புதுக் கணினி வாங்கினோம். பழைய யூனிக்ஸ் அதில் ஏற மறுத்தது. அதை விற்ற சென்னைக் கம்பெனியைக் கேட்டால், அந்தச் சரக்கை அவர்களே மறந்துவிட்டார்களாம். வேண்டுமானால் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுத் தருகிறோம், ஆளும் நாங்களே அனுப்புகிறோம் என்றார்கள்.

முதலாளிக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. வெளிநாட்டுக்கு ஒரு பெரிய ஆர்டர் கைகூடும் நேரம். வாங்குகிறவரின் இன்ஸ்பெக்டர் பொங்கல் கழிந்து வருவதாக இருந்தது. கை படாமல் மீட்டரிலிருந்து நேராக வந்த அளவுதான் சான்றிதழில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. அதற்குள் நாங்களே ஓட்டிக் காட்டினால் சரி, இல்லாவிட்டால் சென்னைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டுக் கணினிப் பிரிவை மூடிவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கு வேறு வேறு இடம் இருந்தது. எனக்கு இருந்த இடம் டெஸ்பாட்ச் செக்‌ஷன்தான். அந்தப் பழைய தட்டச்சு மெஷினை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தேன். மேலே உறை போட்டு எனக்காகவே வைத்திருந்த மாதிரி இருந்தது. 

அப்போது என் மேஜை டிராயரில் ஒரு சிடி கிடந்தது. காந்திபுரத்தில் வாங்கிய கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்தது. அதில் லினக்ஸ், யூனிக்ஸ் போலவே கணினியை இயக்கும் இன்னொரு மென்பொருள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓரமாகக் கிடந்த ஒரு பழைய 486 ரகக் கணினியில் அதை ஏற்றி விளையாடிக்கொண்டிருந்தேன். விளையாட்டு என்றா சொன்னேன்? பைத்தியம் பிடித்திருந்தது என்பதுதான் சரி. அதுவரை நான் பார்த்த மென்பொருள் எல்லாம் பூட்டிய பெட்டி. இதில் உள்ளே இருக்கிற ஒவ்வொரு வரியும் என் கண் முன்னால் திறந்து கிடந்தது! யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள், எந்த இடத்தில் அவர்களுக்கே சந்தேகம் என்பது வரைக்கும் எழுதி வைத்திருந்தார்கள். ‘இது ஏன் வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியவில்லை’ என்று ஒருவர் ஓரத்தில் குறித்திருந்தார். அதைப் படித்துவிட்டு நான் சத்தம் போட்டுச் சிரித்ததில் பக்கத்து ரூம்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அந்தக் குவியலில் எங்கள் எட்டு வயர் கார்டுக்கு ஒரு டிரைவரும் இருந்தது. டிரைவர் என்றால், கார்டின் பாஷையைக் கணினிக்குப் புரியவைக்கும் சின்னப் புரோகிராம். ஐரோப்பாவில் யாரோ ஒருவர் எழுதியது. மேலே அவருடைய இ-மெயில் முகவரி. சாரிடம் ஓடினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, யாருங்க இதைச் சும்மா கொடுக்கிறது என்று மட்டும் கேட்டார். தெரியாதுங்க சார், உலகம் பூரா கொடுக்கிறார்கள் என்றேன். அவர் அந்த சிடியை வாங்கி இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

லினக்ஸின் நடுப்பகுதியைக் கெர்னல் என்பார்கள். டிரைவரைச் சேர்த்து அதைப் புதிதாகக் கம்பைல் செய்ய வேண்டும், அதாவது எழுதிய வரிகளைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்ற வேண்டும். காலையில் வந்ததும் கட்டளையைக் கொடுத்தால் மத்தியானம் ஆகிவிடும். திரையில் வரி வரியாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து வரும். ஒரு வாரத்தில் இரண்டு தடவை அப்படிப் போய், மின்வாரியத்தை நான் திட்டிய திட்டு இங்கே எழுதத் தக்கதல்ல. ஒருவழியாக முதல் பெஞ்சின் அளவு திரையில் வந்தபோது டெஸ்ட் பே ஃபோர்மேன் ஆறுசாமி அண்ணன் கை தட்டினார். நான் குதித்தேன். புடவை கட்டிக்கொண்டு குதித்ததைப் பற்றி அவர் பல வருடம் என்னைக் கேலி செய்தார்.

ஒரு பெஞ்சு ஓடியது. இரண்டு ஓடியது. நான்கும் ஓடியது. எட்டையும் போட்டால் கொஞ்ச நேரம் ஓடும். பிறகு எட்டும் ஒரே சமயத்தில் வாயடைத்துப் போகும். பம்புகள் ஓடிக்கொண்டிருக்கும், தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும், திரையில் மட்டும் ஒரு எண்ணும் நகராது. கணினியை அணைத்துப் போட்டால் மறுபடி கொஞ்ச நேரம் ஓடும்.

டிரைவரை எழுதியவரையே கேட்டுவிடலாம் என்றேன். சார் ஒப்புக்கொண்டார். ஆனால் கடிதத்தை அவரே சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அவர் முறை எப்படி என்றால், முதலில் நலம் விசாரிக்க வேண்டும். அடுத்து அந்த ஐரோப்பியருடைய டிரைவர் எவ்வளவு அருமையானது என்று ஒரு பத்தி. எங்கள் தொழிற்சாலை அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது என்று இன்னொரு பத்தி. கடைசியில், எட்டு பெஞ்சும் சேர்ந்து ஓடும்போது எங்கள் துரதிர்ஷ்டத்தால் வயர்கள் சில சமயம் மௌனமாகிவிடுகின்றன, ஒருவேளை எங்கள் வயரிங்கில் குறை இருக்கலாம், தங்கள் ஆலோசனை கிடைத்தால் பாக்கியம் என்று முடிந்தது.

நான் அதில் டிரைவரில் எங்கோ கோளாறு என்று ஒரு வரி சேர்க்கப் பார்த்தேன். சாருக்கு முகம் வாடிவிட்டது.

“அம்மணி, தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கலாமுங்களா? காசு வாங்காமக் குடுத்த மனுசனுங்க. அவருகிட்டப் போயி உங்க மாடு நொண்டுதுன்னு சொல்லுறது நமக்கு அழகில்லைங்க.”

அந்த வரியை அழித்தேன். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு இ-மெயில் சென்டர் இருந்தது. கடிதத்தை ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு, காலையில் வேலைக்கு முன்னால் பஸ் பிடித்துப் போய்க் கொடுத்துவிட்டு வருவேன். பதில் வந்திருந்தால் அச்சடித்து வைத்திருப்பார்கள். மறுநாளே பதில் வந்துவிட்டது. இரண்டே வரி. ‘நன்றாக ஓடுகிறது என்பதில் மகிழ்ச்சி. வயரிங்கைப் பாருங்கள்.’

அவர் மேல் என்ன குற்றம்? நாங்கள் எழுதியதை அவர் நம்பிவிட்டார். அதைவிடக் கொடுமை, அவர் எழுதியதை நாங்கள் நம்பினோம். அவரே சொல்லிவிட்டார் என்று எட்டு பெஞ்சின் வயரையும் பிடுங்கிப் புது வயர் இழுத்தோம். ஆறுசாமி அண்ணன் ஏணி மேல் நின்றுகொண்டு, “ஏனுங்க அம்மணி, இந்த ஒயரு என்னங்க பாவம் பண்ணுச்சு?” என்று கேட்டார். எல்லாம் முடித்து எட்டையும் போட்டோம். கொஞ்ச நேரம் ஓடியது. நின்றது.

இரண்டாவது கடிதம் முதலாவதைவிட மரியாதையாகப் போனது. வயரிங் பற்றிய மேலான ஆலோசனைக்கு நன்றி, அதனால் எங்கள் வயரிங் சிறந்துவிட்டது, எனினும் அந்த மௌனம் இன்னும் எங்களை விட்டபாடில்லை என்று எழுதினோம். அதற்குப் பதிலே இல்லை. அவர் அதை நன்றிக் கடிதம் என்று எடுத்துக்கொண்டிருப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பேன்.

மார்கழி பிறந்துவிட்டது. இனி யாரையும் கேட்டுப் பயனில்லை, நானே உள்ளே இறங்குகிறேன் என்று டிரைவரை எடுத்து உட்கார்ந்தேன். சார் சொன்ன முறைப்படி ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஒரு இடத்தில், ‘இங்கே வந்தேன்’ என்று திரையில் எழுதச் சொல்லி ஒரு வரி சேர்ப்பேன். கம்பைல் ஆகக் காத்திருப்பேன். எட்டு பெஞ்சையும் ஓட்டி, நின்றதும் கடைசியாக எந்த வரி வந்தது என்று பார்ப்பேன். அடுத்த நாள் இன்னொரு இடம். இப்படி வளையம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு நாளும் பஸ் இறங்கி நடக்கிறவள் ஓட ஆரம்பித்தேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்து யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

பிடித்துவிட்டேன்! எப்படி என்று முதலாளிக்குச் சொன்ன மாதிரியே இங்கேயும் சொல்கிறேன். கேன்டீனில் ஒரு டீக்காரர், டெஸ்ட் பேயில் எட்டு பெஞ்சு, எட்டுக்கும் சேர்த்து ஒரே மணி. யார் சுவிட்சை அழுத்தினாலும் மணி அடிக்கும். டீக்காரர் வந்து ஒன்றிலிருந்து எட்டு வரை ஒரு சுற்று வந்து, கேட்டவர்களுக்கு ஊற்றிவிட்டுப் போவார். ஆனால் அவருக்கு ஒரு குணம். மணி அடிக்க ஆரம்பிக்கும்போதுதான் எழுந்திருப்பார். விடாமல் அடித்துக்கொண்டிருக்கிற மணி அவர் காதில் ஏறாது. இப்போது அவர் எட்டாவது பெஞ்சில் ஊற்றும்போது முதல் பெஞ்சுக்காரர் மறுபடி அழுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி ஓயவே இல்லை. ஓயாத மணி புதிதாக ஆரம்பிக்க முடியுமா? டீக்காரர் போய் உட்கார்ந்துவிடுவார். அதற்குப் பிறகு எட்டு பேரும் என்ன அழுத்தினாலும் டீ வராது. எங்கள் டிரைவர் அந்த டீக்காரர்தான், அந்த மணி கார்டு கணினிக்குக் கொடுக்கும் அழைப்பு.

ஆகவே, ஒரு முழுச் சுற்றில் யாரும் டீ கேட்கவில்லை என்று தெரிகிற வரை சுற்றிக்கொண்டே இரு என்று மாற்றினேன். எட்டையும் போட்டோம். ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. ஆறுசாமி அண்ணன் ஐந்தாவது பெஞ்சின் மோட்டாரை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தார். கணினியே உறைந்துவிட்டது. விசைப்பலகை, திரை எதிலும் அசைவில்லை. அந்த ஸ்டார்ட்டரின் மின் இரைச்சல் வயரில் புகுந்து, ஐந்தாம் பெஞ்சு ஓயாமல் டீ கேட்பது போல ஆகிவிட்டது. நான் எழுதியபடியே டீக்காரர் சாகும்வரை சுற்றிக்கொண்டிருந்தார்.

அழுகை வந்தது. அழுதேன், மறைப்பானேன். சுற்று எங்கே முடிய வேண்டும், அந்தக் கார்டு எதைத் தாங்கும் என்பது எழுதியவருக்குத்தான் தெரியும். அவருக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும். சார் மேஜைக்குப் போய், இந்தத் தடவை நானே எழுதுகிறேனுங்க சார், நீங்கள் படிக்க வேண்டாம் என்றேன். என் வாழ்க்கையில் அவரிடம் நான் அப்படிப் பேசியது அன்றைக்குத்தான். எழுந்து நின்று என்னை வரவேற்ற மனிதர். 

சார் வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு, “எழுதுங்க” என்றார்.

நலம் விசாரிக்கவில்லை. ‘உங்கள் டிரைவரில் தவறு இருக்கிறது. இந்த வரியில். இதுதான் காரணம். நான் இப்படி மாற்றினேன். என் மாற்றமும் தவறு. இரைச்சல் வந்தால் கணினி உறைகிறது. எப்படிச் சரி செய்வது?’ இவ்வளவுதான். இ-மெயில் சென்டரில் ஃபிளாப்பியை நீட்டும்போது, ஒருவரை நடுத்தெருவில் நிறுத்தித் திட்டிவிட்டு வந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை எனக்காகக் காத்திருந்த பதில் மூன்று பக்கம்! அந்த மனிதர் துள்ளுகிறார். நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, என் மேஜையில் இந்தக் கார்டில் மாட்டியிருப்பது இரண்டு மோடம் மட்டும்தான், எட்டையும் ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்க்கிற ஆளுக்காக எத்தனை நாள் காத்திருந்தேன் தெரியுமா, உங்கள் முதல் இரண்டு கடிதங்களைப் பார்த்து எல்லாம் சுகமாக ஓடுகிறது என்றல்லவா நினைத்தேன் என்று எழுதியிருந்தார். பிறகு வழி சொன்னார், அதை டீக்காரர் கதையாகச் சொன்னால் இப்படி. சுற்றுக்கு ஒரு எல்லை வை. எல்லை தாண்டினால் கிளம்பிவிடு. ஆனால் யாரும் கூப்பிடாவிட்டாலும் கொஞ்சம் பொறுத்து ஒரு தடவை எட்டிப் பார். அந்தக் காகிதங்களைப் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். கவுண்டம்பாளையம் தாண்டும்போது சத்தமாகவே சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மா நகர்ந்து நின்றார்.

அதன் பிறகு ஃபிளாப்பி போவதும் காகிதம் வருவதுமாக இருந்தது. அவர் ஒன்று மாற்றி அனுப்புவார், நான் எட்டு பெஞ்சில் ஓட்டிப் பார்த்துப் போதாது என்பேன், அவர் சந்தோஷப்படுவார். பழகப் பழகக் கல்லில் ஒட்டாமல் தோசை வருவது போல எனக்கு அந்த நேர்ப்பேச்சு பழகிவிட்டது. பொங்கலுக்கு முந்தைய வாரம் ஆறுசாமி அண்ணன் ஐந்தாம் பெஞ்சை ஆன் ஆஃப், ஆன் ஆஃப் என்று பழி தீர்ப்பது போல் போட்டுப் பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். அவரும் தமிழர்தான், மும்பையில் இருப்பவர். எட்டு பெஞ்சும் ஓடியது, சான்றிதழ்கள் வந்து விழுந்தன. எல்லாம் நல்லபடியாகப் போகும்போது, இந்த மென்பொருள் எந்தக் கம்பெனியுடையது என்று கேட்டார். கம்பெனி இல்லை, உலகத்துக்குப் பொதுவானது என்றேன். அவர் முகம் மாறியது. அப்படியானால் இதில் கோளாறு இல்லை என்பதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். முதலாளி, நாச்சிமுத்து சாரைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். டெஸ்பாட்ச் ஜன்னல் என் கண்ணுக்குள் வந்து நின்றது.

நாச்சிமுத்து சார் எழுந்து நின்றார்.

“இதுல தப்பு இருந்துச்சுங்க,” என்றார். “பெரிய தப்புங்க. எட்டு பெஞ்சையும் நிறுத்திப்போட்டுது. இந்த அம்மணிதான் உள்ள பூந்து எந்த வரின்னு கண்டுபுடிச்சாங்க. எழுதுன ஆளு ஒத்துக்கிட்டாருங்க. வேணுமுன்னா அந்த வரிய நீங்களும் பாக்கலாமுங்க. நாளைக்கு வேற தப்பு வந்தாலும் அம்மணி இங்கதான் இருப்பாங்க.”

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் முதன்முதலாகக் கேட்டேன். அதுவும் விருந்தாளியின் முன்னால்.  இன்ஸ்பெக்டர் என் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எந்த வரி, காட்டுங்கள் என்றார். காட்டினேன். டீக்காரர் கதையையும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே ஆர்டருக்குக் கையெழுத்துப் போட்டார். கணினிப் பிரிவை மூடும் பேச்சை முதலாளி அதன்பிறகு எடுக்கவில்லை.

கொஞ்ச மாதம் கழித்து அந்த டிரைவரின் புதுப் பதிப்பு வெளிவந்தது. திருத்தம் செய்தவர் என்று என் பெயரும், சந்தேகம் கேட்க இ-மெயில் சென்டர் முகவரியும் போட்டிருந்தார்கள். அடுத்த வாரமே பிரேசிலிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் எனக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். வணக்கம்கூட இல்லை. ‘உங்கள் திருத்தம் தவறு. பதினாறு வயர் கார்டில் நின்றுபோகிறது’ என்று எழுதி, அதன் கீழே எந்த வரி என்பதையும் குறித்திருந்தார்.

அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருதரம் படித்தார். இன்னொரு தரம் படித்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“எத்தன மரியாதையான மனுசனுங்க,” என்றார். “உடனே பதில் போட்டுருங்க அம்மணி.”